கூம்பிப் போன கதவு

என் மகன் அமெரிக்காவுக்குப் போகும்போது தன் புரொஜெக்டரை ஊரப்பாக்கம் வீட்டில் எனக்காக விட்டுவிட்டுப் போனான். தனியாக இருக்கும் நான் அதைத் தாழ்வான ஸ்டூலில் வைத்து, சுவரை நோக்கி நிமிர்த்துவேன். படம் மேற்பக்கம் விரிந்து விழும். ரிமோட்டில் கோணல் திருத்தும் பட்டனை அழுத்தி, மேற்பக்கத்தைக் குறுக்கிச் சரிசெய்வேன்.

ஒருநாள் அவன் அனுப்பிய சிடியைப் போட்டேன். கன்னம் ஒட்டிப்போய் நின்றான் பிள்ளை. பதறிப்போய்ப் போன் செய்தேன்.

"நல்லாத்தாம்மா இருக்கேன்" என்றான். எதையோ மறைக்கிறான் என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மாடி வீட்டுச் செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரித்துவிட்டாள்.

"இன்னாம்மா நீ, அவரு பின்னால கீற கதவப் பாரு. அதுவும் மேல கூம்பிக்கினு கீது!"

பட்டனை அளவுக்கு மீறி அழுத்தியிருக்கிறேன். அதைச் சொல்ல வீட்டில் இன்னொரு ஆள் இல்லை.

இப்போது புரொஜெக்டரை உயரமான மேஜையில் நேராக வைக்கிறேன். அந்தப் பட்டனைத் தொடுவதே இல்லை. படம் சரியாகத்தான் விழுகிறது. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் மாடியைப் பார்த்துக் குரல் கொடுக்கிறேன்:

"செல்வி, படம் கோணலா இருக்கா, கொஞ்சம் வந்து பாரேன்."