இரண்டாவது டிரம்

ரங்கூனில், மிங்கலா தாங்ஞுன்ட்டில் நாங்கள் இருந்தது கடைசி மாடி. 'நாங்கள்' என்று எழுதிவிட்டேன், பழக்கதோஷம். வாடகைக்கு எடுத்தபோது இரண்டு பேர், பிறகு பெரும்பாலும் நான் மட்டும். என் கணவர் கப்பலில் வேலை பார்த்தார். ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை தெரியும். லிஃப்ட் கிடையாது. காற்று வேண்டிய மட்டும் வரும், தண்ணீர்தான் வராது.

தெருக்குழாயில் விடிந்த பிறகு கொஞ்ச நேரம் தண்ணீர் விடுவார்கள். அது தரைத்தளம்வரை தானாக வரும். அதற்கு மேலே ஏற அதற்குத் தெம்பு கிடையாது. அதனால் மாடிப்படிக்கு அடியில் வீட்டுக்கு ஒரு சின்ன மோட்டார் வைத்திருந்தோம், சுவிட்ச் மட்டும் அவரவர் வீட்டில். இரண்டு மோட்டார்கள் ஒன்றாக ஓடினால் ஒன்று தண்ணீரை இழுத்துக்கொள்ளும், மற்றது வெறும் காற்றை இழுத்துச் சூடாகிப் புகையும். ஆகவே முறை வைத்திருந்தோம். குழாயில் வேகம் நன்றாக இருக்கும் முதல் வேளை கடைசி மாடிக்கு, பிறகு ஒவ்வொரு மாடியாகக் கீழே. இத்தனையும் கரண்ட் இருந்தால்தான்.

முறையை நடத்தியவள் தரைத்தளத்துக்காரி. அப்பா தமிழர், அம்மா பர்மியர். அவளை நான் அமா என்று கூப்பிடுவேன், பர்மிய மொழியில் அக்கா. அவள் என்னை ஞீமா என்பாள், தங்கச்சி. வாசலில் மேஜை போட்டுத் தொலைபேசியை வைத்திருந்தாள். தெருவில் போன் இல்லாத வீடுகளுக்கெல்லாம் அவள் நம்பருக்குத்தான் அழைப்பு வரும். காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் என் மோட்டாரின் வாயில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவாள், அப்போதுதான் அது தண்ணீரைப் பிடிக்கும். பிறகு தெருவுக்கு வந்து என் கயிற்றை இழுப்பாள்.

ரங்கூனில் மாடி வீட்டுக்காரர்கள் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்க விடுவார்கள். மேல் முனையில் மணி, கீழ் முனையில் கிளிப். பேப்பர் போடுகிறவர் கிளிப்பில் பேப்பரை மாட்டிவிட்டு இழுப்பார், நாம் மேலே தூக்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டு மணியைக் கட்டியது என் கணவர்தான், கப்பல் ஏறுவதற்கு முன்பு. அமாவிடம் சொல்லி ஒரு ஏற்பாடும் செய்துவிட்டுப் போனார். ஒரு தடவை இழுத்தால் தண்ணீர். இரண்டு தடவை இழுத்தால் போன்.

இரண்டு தடவை அடித்தால் நான் அத்தனை படிகளையும் ஓடி இறங்குவேன். தையல் மெஷினில் துணி அப்படியே நிற்கும். அவர் எந்தத் துறைமுகத்திலிருந்து பேசினாலும் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான். கப்பலில் குளிக்கவே விடுவதில்லை என்று புலம்புவார். "நான் வந்தா டிரம்மு நெறைய இருக்கணும். ஒரு மணி நேரம் ஊத்திக்கிட்டே இருப்பேன்" என்பார். வந்தபோதெல்லாம் அப்படித்தான் செய்தார். குளியலறைக்குள் அவர் பாடிக்கொண்டே குவளை குவளையாக ஊற்றிக்கொள்வார், நான் வெளியே நின்று, "கீழே உள்ளவங்க சாபம் விடப்போறாங்க" என்று கத்துவேன். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

அதற்காகவே இரண்டாவது டிரம் வாங்கினேன். குளியலறையில் இடமில்லாததால் சமையலறைச் சுவரோரம் வைத்தேன். அதைத் தொடமாட்டேன். வாரம் ஒரு முறை அந்தத் தண்ணீரைத் துணி துவைக்க எடுத்துவிட்டு, புதுத் தண்ணீர் பிடிப்பேன். மூடிமேல் அவருடைய துண்டு, மடித்த லுங்கி, பிரிக்காத சோப்பு.

பிறகு போன் குறைந்தது. பிறகு நின்றது. கப்பலுக்கு ஆள் அனுப்பும் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியவர் கப்பலுக்குத் திரும்பவில்லை என்றார்கள். அப்படி இறங்கிப் போகிறவர்கள் நிறைய உண்டாம், மறைந்திருந்து வேலை பார்ப்பார்களாம். அங்கிருந்த ஆள் அதை ஏதோ நல்ல சேதி போலச் சொன்னான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒருவர் செத்துப்போனால் அழலாம், ஓடிப்போனால் திட்டலாம். எனக்கு இரண்டுக்கும் வழி வைக்காமல் போய்விட்டார்.

டிரம் மட்டும் நிறைந்தபடியே இருந்தது. இரண்டு வருடங்களுக்கு மேல் அப்படி ஓடியது. மழைக்காலத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. வெயில் காலம் வந்தால் குழாயில் வேகம் குறையும், என் மோட்டார் முக்கி முனகி நேரத்தைத் தின்னும், கீழே உள்ளவர்களுக்கு முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். ஒரு நாள் அமா தெருவில் நின்றே கேட்டாள்.

"ஒருத்திக்கு எதுக்கு ஞீமா இவ்வளவு நேரம்? மேல என்ன யானையா வளக்குற?"

"என் முறை, என் மோட்டார். நான் யானையும் வளப்பேன், பூனையும் வளப்பேன்" என்று பால்கனியிலிருந்து சொன்னேன். எனக்கு நேர் கீழே இருந்த நாலாம் மாடிக்காரர் சிரித்துவிட்டார், அதனால் அமாவுக்கு இன்னும் கோபம். அதன் பிறகு மணியை இழுப்பதோடு சரி, என்னோடு பேசுவதில்லை. காலையில் அந்த ஒரு மணியோசை தவிர என்னைத் தேடி வந்தது எதுவும் இல்லை. சில நாள் மெஷின் முன்னால் உட்கார்ந்து, இன்று யாரிடமாவது பேசினோமா என்று யோசித்துப் பார்ப்பேன்.

அந்த வெயில் காலத்தில்தான் ஒரு நாள் நான் இரண்டாவது டிரம்முக்கு நீர் பிடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. இன்சீனில் ஒரு கல்யாண வீட்டுக்கு ரவிக்கைகள் கொண்டுபோக வேண்டியிருந்தது. காத்திருந்து பார்த்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலைப் பிடித்தேன். சுவிட்சை அணைக்கவில்லை. ரங்கூனில் கரண்ட் இல்லாதபோது எந்த சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்பது யாருக்கும் நினைவில் நிற்காது.

பிற்பகலில் திரும்பி வந்தேன். மூன்றாம் மாடி தாண்டியதும் படிகள் ஈரமாக இருந்தன. இன்னும் ஏற ஏற ஈரம் கூடியது. என் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. வாசலில் ஆண்பிள்ளைச் செருப்பு ஒரு ஜோடி. உள்ளே யாரோ குவளையால் மொண்டு மொண்டு தண்ணீர் ஊற்றும் சத்தம்.

வந்துவிட்டார்.

சுவிட்ச் நினைவுக்கே வரவில்லை. வந்துவிட்டார், வந்ததும் குளிக்கிறார் என்றுதான் நினைத்தேன். மிச்சப் படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியாது. வழுக்கி முழங்காலில் அடிபட்டதும் பிறகுதான் தெரிந்தது. சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினேன்.

சமையலறைத் தரையில் அமா குந்தியிருந்து ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். நாலாம் மாடிக்காரர் தரையில் நின்ற தண்ணீரைக் குவளையால் மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். மதியம் கரண்ட் திரும்பி வந்ததும், அன்றைக்குப் பார்த்துக் குழாயில் மறுபடி தண்ணீர் விட்டிருந்ததால் என் மோட்டார் தானாக ஓடி, டிரம் வழிந்து, நாலாம் மாடி வீட்டு அரிசி மூட்டைவரை நனைந்திருக்கிறது. என் மாற்றுச் சாவி அமாவிடம் இருந்தது.

என் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்திருக்க வேண்டும். அமா அதைப் பார்த்தாள். பிறகு டிரம் மூடியைப் பார்த்தாள். துண்டு, லுங்கி, சோப்பு எல்லாவற்றையும் எடுத்து உயரத்தில், ஈரம் படாத அலமாரியில் அவளே வைத்திருந்தாள். எனக்காக ஒரு சண்டையைத் தயாராக வைத்திருப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் துணியை உதறிவிட்டு எழுந்தாள்.

"அவரு வந்தா கீழ எங்க வீட்டுல குளிக்கட்டும் ஞீமா. எங்களுக்குத் தண்ணி தானா வருது. எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஊத்திக்கட்டும்."

காய்ச்சலில் கிடக்கும் குழந்தை எதைக் கேட்டாலும் வாங்கித் தருகிறேன் என்போமே, அந்தக் குரலில் சொன்னாள். யானை வளர்க்கிறாயா என்று அவள் கேட்டபோது எனக்கு வலிக்கவில்லை. இது வலித்தது. அவர் வரமாட்டார் என்று இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியாதென்று நினைத்து எனக்காகப் பார்த்துப் பேசுகிறார்கள். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. எப்போதிலிருந்து என்று சொல்லத் தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்தினேன். சாவுச் செய்தி வந்தால் தலைக்கு ஊற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். எனக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. ஆனாலும் அலமாரியிலிருந்து சோப்பை எடுத்துப் பிரித்தேன். சமையலறைத் தரைதான் ஏற்கெனவே நனைந்திருந்ததே, தண்ணீர் போகும் துளையின் அடைப்பையும் அமா எடுத்துவிட்டுப் போயிருந்தாள், அங்கேயே அந்த டிரம் பக்கத்தில் உட்கார்ந்து, தலையிலிருந்து ஊற்றிக்கொண்டேன். நிறுத்தவில்லை. டிரம்மின் அடியில் குவளை இடிக்கும்வரை ஊற்றினேன். சத்தம் போட்டு அழுதேன், தண்ணீர்ச் சத்தத்தில் கீழே கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் பரவாயில்லை. பிறகு அவருடைய துண்டில் தலையைத் துவட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மணி ஒரு தடவை அடித்தது. சுவிட்சைப் போட்டேன். குளியலறை டிரம் நிறைந்ததும் அணைத்துவிட்டு ரவிக்கைக்குக் கொக்கி தைக்க உட்கார்ந்தேன்.

மோட்டார் இவ்வளவு சீக்கிரம் நின்றதில்லை. பழுதாகிவிட்டது என்று அமா நினைத்திருக்கிறாள். மணி அடித்தது, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தடவை.

ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுந்தேன். கால்கள் படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். கையில் குவளையோடு அமா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நின்னுருச்சு? இன்னொரு டிரம்மு இருக்கே?"

"போதும் அமா. நாலாம் மாடிக்கு விட்ருங்க" என்றேன்.