சரோஜாவின் முன்பல்

ரெம்பாவ் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது சரோஜாவின் வீட்டுக்காரர் முனியாண்டி அண்ணன் போன் செய்தார். "கமலா, சரோஜா காலையில போயிட்டா லா" என்றார். மீன்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சுங்கை காடுட் தொழிற்சாலையில் எங்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவளுடைய முன்பல்லை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் சைக்கிளோடு கால்வாயில் விழுந்து அந்தப் பல்லின் மூலையை உடைத்துக்கொண்டாள். சிரம்பானில் ஒரு சீனப் பெண் டாக்டர், பல் நிறத்திலேயே வரும் பசையை வைத்து அடைத்துவிட்டார். சரோஜாவின் பற்கள் அப்போது கோப்பி குடித்துக் குடித்துப் பழுத்திருந்தன. அடைப்பும் அதே நிறம். பார்த்தால் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் லாரி ஓட்டும் முனியாண்டி அண்ணனோடு கல்யாணம் நிச்சயமானது. நாற்பதை நெருங்கும் வயதில் கல்யாணம். "போட்டோவுல பல்லாச்சும் புதுசா இருக்கட்டும்" என்று பல்லை வெளுக்க வைக்கப் போனாள். டாக்டர் அறைக்கு வெளியே நான் காத்திருந்தேன். அவள் வந்ததும் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"வெள்ளையாகும்னு சொன்னாங்க. மத்ததுக்கெல்லாம் ஓக்கே டாக்டர், ஓக்கே டாக்டர்னு சொல்லிட்டேன்."

மருந்து தடவிய உறையைப் பல்லில் மாட்டிக்கொண்டு தூங்கினாள். ஐஸ் தண்ணீர் பட்டால் துள்ளிக் குதித்தாள். கல்யாண வாரத்தில் பற்கள் பளபளவென்று வெளுத்தன. அடைத்த மூலை மட்டும் பழைய மஞ்சளிலேயே நின்றது.

வேலைக்கு வந்ததும் பக்கத்தில் உட்காரும் பாத்திமா, மலாயில் அக்கா என்று கூப்பிட்டு ஒரு பல்குச்சியை நீட்டினாள். "காக், ஜாகுங் ஒட்டியிருக்கு." மேற்பார்வையாளரும் அதையே சொன்னார். கேன்டீன்காரர் இன்னொரு குச்சி கொடுத்தார். அந்த ஜாகுங்கை, மக்காச்சோளத்தை, அன்று அவள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

மாலையில் இருவரும் சிரம்பானுக்கு ஓடினோம். டாக்டர் பொறுமையாக மலாயில் மறுபடி சொன்னார்: மருந்து சொந்தப் பல்லைத்தான் வெளுக்க வைக்கும், அடைப்பின் நிறத்தை மாற்றாது. முன்பே சொன்னேனே.

"சரி டாக்டர், இப்பவே மாத்திடுங்க."

இப்போது முடியாது என்றார். வெளுத்த பல்லில் உடனே வைத்தால் புதிய அடைப்பு சரியாகப் பிடிக்காது, இரண்டு வாரம் போகட்டும் என்றார்.

"தாலி கட்டுறப்ப விழுந்துடுமா?"

"விழலாம்."

பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும்போது, "வாயைத் திறக்காமயே கல்யாணம் பண்ணிக்கிறேன்" என்றாள். சொன்னபடியே மணவறையில் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார், பெண்ணுக்குச் சம்மதம் இல்லையோ என்று குசுகுசுத்தார்கள். முனியாண்டி அண்ணனின் முகம் வாடிவிட்டது. தாலி கட்டி முடிந்து பாலும் பழமும் ஊட்டியபோது வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தாள். அவர் குனிந்து, "பல்லுல பழம் ஒட்டியிருக்கு" என்றார் மெதுவாக.

"அது என் பல்லு. ரெண்டு வாரம் பொறுத்துக்குங்க."

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்தார். அவளுக்கும் அடக்க முடியவில்லை. புகைப்படக்காரர் எடுத்த நல்ல படமெல்லாம் அதற்குப் பிறகு எடுத்ததுதான்.

டாக்டர் சொன்ன நாளில் அடைப்பை மாற்றிக்கொண்டாள். வெளுத்த பல்லோடு அது அப்படியே பொருந்தியது. எனக்கோ பல் கொஞ்சம் எடுப்பு. சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். அதற்குப் பிறகு சரோஜா பக்கத்தில் இருந்தால் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுவாள். "சிரிப்பு வந்தா சிரி. பாக்கிறவன் பாடு அது."

நேற்று டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது சிரிப்பு வந்தது. கை பாதி தூரம் எழுந்தது. நானே இறக்கிவிட்டேன். சரோஜாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.