மஞ்சப்பைக்குள் ஒரு போன்

“…வீட்டுல வச்சுட்டு வரச் சொல்றீக, சரி. சத்தம் கேட்டா நான் எதை எடுத்து எம் மககிட்ட பேச?” என்று கேட்டபடியே அவள் வேனில் ஏறும்போதே தன் போனை என் மஞ்சப்பைக்குள் போட்டாள். பையின் வாயை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு, வேனின் கடைசி இருக்கைக்குப் போய் உட்கார்ந்தாள்.

அன்றைக்குப் பைக்குள் இருந்தது அவளுடைய போன் ஒன்றுதான்.

நான் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறேன். ஆலைக்குள் போன் கொண்டுபோக முடியாது. வெடிமருந்து புழங்கும் இடம். மற்ற வேன்காரர்களின் ஆட்கள் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் வேன் பெண்களுக்கு என்னிடம் கொடுத்துத்தான் பழக்கம். காலையில் இறங்கும்போது ஒவ்வொருவரும் போனைப் பைக்குள் போடுவார்கள். நான் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வேனை நிறுத்திவிட்டு, சாயங்காலம்வரை அந்தப் பையோடு இருப்பேன். எங்கள் வேனில் வரும் ஒரு அக்கா அதைக் கோழிக்கூடு என்பார். ஏறும்போதே, “என்னண்ணே, கூடு இன்னைக்கு எம்புட்டுக் கத்துச்சு?” என்று கேட்பார்.

நிறையத்தான் கத்தும். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் வாட்ஸப் குழு ஆரம்பித்த பிறகு இன்னும் கூடிப்போனது. நாளைக்குப் பரீட்சை, வரைபடத்தாள் வாங்கி அனுப்பவும், உங்கள் மகன் இன்று வரவில்லை என்று எல்லாம் என் மடியில் வந்து விழும். பார்க்க வேண்டியவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் திரி சொருகிக்கொண்டிருப்பார்கள். “டீச்சர் காலையில கேட்டதுக்கு நாம ராத்திரி பதில் சொல்றோம். ஊமைச்சின்னு நெனைச்சிருப்பாக” என்று அந்த அக்காதான் ஒருநாள் சொல்லிச் சிரித்தார்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் இதில் பாடு அதிகம். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் ஒன்றாகச் சேர்ந்து, சாயங்காலம் போனிலேயே வகுப்பு நடத்துகிறார்கள். எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர், இன்னொரு பள்ளிக்கூடத்து அறிவியல் சார் என்று ஆளுக்கொரு பாடம். எந்த ஊர்ப் பிள்ளையும் சேரலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் வகுப்பு தொடங்கும் நேரத்தில் எங்கள் வேன் ஆலை வாசலை விட்டே கிளம்பியிருக்காது. போன் வீடு போய்ச் சேரும்போது டீச்சர் நன்றி சொல்லி முடித்திருப்பார்.

கடைசி இருக்கைக்காரியின் மகளும் பத்தாம் வகுப்பு. மற்ற பாடமெல்லாம் நன்றாகப் படிப்பாள். கணக்கில் மட்டும் அரையாண்டில் தேறவில்லை. பொதுத்தேர்வில் அது போய்விட்டால் அடுத்து என்ன என்று எங்கள் பக்கம் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் அவள் முன்னிருக்கையில் உட்கார நேர்ந்தபோது ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எம் மக இந்த வேன்ல ஏறக் கூடாதுண்ணே. உங்க வேன் நல்ல வேன்தான். ஆனா ஏறக் கூடாது.”

வகுப்பைப் பதிவு செய்தும் டீச்சர் குழுவில் போடுவார். அதைப் பார்க்கலாமே என்று கேட்டேன். “பார்க்கா. ஆனா என்ன சொல்லுதா தெரியுமா? அதுல டீச்சர் மட்டும்தான் பேசுறாக, நான் கேட்டா காதுல வாங்க மாட்டேங்காகன்னு.”

அப்படியானால் போனை மகளிடம் விட்டுவிட்டு வர வேண்டியதுதானே என்று யாரும் கேட்கலாம். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

எங்கள் பக்கம் எந்தத் திசையில் ஆலை வெடித்ததுபோலப் பெரிய சத்தம் கேட்டாலும் எல்லோரும் முதலில் போனைத்தான் தேடுவார்கள். போன வருஷம் அப்படி ஒரு சத்தம். எங்கள் ஆலை இல்லை, எங்கேயோ. ஆனால் அன்று அவள் போனை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தாள். புருஷன் லோடு லாரியில் வடக்கே போயிருந்தான். வீட்டில் மகள் மட்டும். பெண்களெல்லாம் என் பையைச் சுற்றி நின்று, என் போனையும் வாங்கி, அவரவர் வீட்டுக்குப் பேசி முடிக்க நேரமாகிவிட்டது. அதற்குப் பிறகு என் போனை வாங்கி அவள் அடித்தபோது, அங்கே எடுக்க ஆள் இல்லை. நாங்கள் ஊர் திரும்பும்போது விஸ்வநத்தம் ரோட்டோரத்தில் அந்தப் பிள்ளை செருப்பில்லாமல் நின்று, வருகிற வேனையெல்லாம் கை காட்டிக்கொண்டிருந்தாள். நான் பிரேக்கை மிதிக்கும் முன்பே தாய்க்காரி கதவைத் திறந்துவிட்டாள். கையில் போன் இருந்தால் பக்கத்து வீட்டுக்கு அடித்தாவது மகளிடம் உடனே பேசலாம் என்று, அதற்குப் பிறகு அவள் அதை ஒருநாளும் வீட்டில் வைத்ததில்லை.

இது கணக்கு டீச்சருக்குத் தெரிய வந்தது பெற்றோர் கூட்டத்தில்தான். கூட்டமும் போனில்தான். நாங்கள் திரும்பி வரும் வழியில் நேரம் வந்துவிட்டது. புளியமரத்தடியில் வேனை ஓரங்கட்டினேன். பத்தாம் வகுப்புத் தாய்மார்கள் ஒரு போனைச் சுற்றி முகத்தை நீட்டினார்கள். மருந்து பட்டுப் பட்டு விரல் ரேகை தேய்ந்தவர்கள். தொட்டால் திரைக்குத் தெரிவதில்லை. “மூக்கை வச்சு அமுக்குடி, அதாவது எடுக்கும்” என்று அக்கா சொல்ல, அந்தச் சிரிப்போடுதான் டீச்சர் முகம் வந்தது.

டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசி இருக்கைக்காரியின் மகள் முறை வந்தபோது, “நல்லா வர வேண்டிய பிள்ளைம்மா. வகுப்புக்கே வர மாட்டேங்கிறா. என்ன விஷயம்?” என்றார்.

இவள் சொன்னாள். பை, வாசல், சத்தம், ரோட்டோரத்தில் செருப்பில்லாமல் நின்றது என்று எல்லாவற்றையும், யாரையும் குறை சொல்லாமல், சமையல் பக்குவம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். சிக்னல் போய்விட்டதென்று ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்தாள். பிறகு, “எனக்கு ரெண்டு நாள் தாங்கம்மா. எங்க ஆசிரியர் குழுவுல பேசிட்டுச் சொல்றேன்” என்று குரல் வந்தது.

அவர்களுக்குள்ளும் ஒரு குழு உண்டு. பாடத்தில் சந்தேகம் வந்தால் ஆசிரியர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் இடம். அங்கே என்ன பேசினார்களோ, டீச்சர் சொன்னபடியே குரல் பதிவு வந்தது. வகுப்பை ஒரு மணி நேரம் தள்ளிப் பார்த்தார்களாம். தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு அது தோதுப்படவில்லை. கடைசியில் எங்கோ இருக்கிற ஒரு சார்தான் கேட்டாராம், ஆளுக்கொரு போன் எதற்கு, வெளியே நிற்கிற ஒருத்தர் போன் போதாதா என்று.

டீச்சர் சொன்னார்: “போன் பிள்ளைங்ககிட்ட இருக்கட்டும். வேன் ஓட்டுற அண்ணன் நம்ம குழுவுல சேரட்டும். சத்தம் கேட்டா அவர் ஒரு தடவை பேசினா எல்லா வீட்டுக்கும் கேட்கும். பள்ளிக்கூட நேரமா இருந்தா நான் வகுப்புக்குப் போய்ச் சொல்லிடுறேன்.”

இப்படித்தான், பத்தாம் வகுப்பில் எனக்குப் பிள்ளை யாரும் இல்லாமலே நான் அந்தக் குழுவில் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். மரத்தடியில் உட்கார்ந்து இருபடிச் சமன்பாடு கேட்கிறேன். பாதி புரியும். அக்காவின் மகள் ஒருத்தி, “மாமா, நாலாவது கணக்கு போட்டாச்சா?” என்று குழுவிலேயே வம்பிழுப்பாள்.

அந்த ஏற்பாட்டின் முதல் நாள், வேனில் மற்ற பெண்களெல்லாம் போனை வீட்டில் விட்டு வந்திருந்தார்கள். கடைசி இருக்கைக்காரி மட்டும் கொண்டுவந்து பைக்குள் போட்டிருந்தாள். ஆலை வாசலில் எல்லோரும் இறங்கிப் போன பிறகும் என் பக்கத்தில் நின்றாள்.

“நம்ம கம்பெனியிலயே சத்தம் கேட்டா? அப்ப என்ன சொல்லுவீக?”

“அப்பவும் நான்தான் சொல்லணும், தங்கச்சி. ஒவ்வொருத்தரையா கண்ணால பார்த்துட்டு, பார்த்ததைச் சொல்லுவேன். பார்க்காததைச் சொல்ல மாட்டேன்.”

அவள் கேட்டுக்கொண்டு, போனைப் பையிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் சாயங்காலம் சத்தம் கேட்டது. வேலை விடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். தூரத்தில் யாரோ கழிவு மருந்தை எரித்திருக்கிறார்கள், யாருக்கும் ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது. அப்போது தெரியாது. வாசலுக்கு ஓடினேன். உள்ளே எல்லோரும் வெட்டவெளிக்கு வந்து நின்றார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று எங்கள் வேன் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒவ்வொருவரும் கையைத் தூக்கினார்கள். கடைசியாக அவளும் தூக்கினாள்.

வேனுக்குத் திரும்பி வந்து பேசினேன். “பிள்ளைகளா, வேன் மாமா பேசுறேன். சத்தம் நம்ம கம்பெனி இல்ல. நம்ம ஆளுக எல்லாரையும் பார்த்துட்டேன். நல்லா இருக்காக. நீங்க படிங்க.”

அனுப்பிய மறுநொடி, பக்கத்து இருக்கையில் மஞ்சப்பை ஒருமுறை கத்தியது. என் குரல் அவள் போனுக்குத்தான் வந்து சேர்ந்திருந்தது. அவள் மகளுக்குப் போகவில்லை.

உடனே மறுபடி பேசினேன். அந்தப் பிள்ளை வீட்டுப் பக்கம் யாராவது இருக்கீகளா என்று கேட்டேன். அப்போது வகுப்பு நடந்துகொண்டிருந்ததாம். டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு, “முதல்ல யாராவது போயிட்டு வாங்க. கணக்கு எங்கயும் போகாது” என்றாராம். கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்க ஒரு பிள்ளையின் குரல் வந்தது. “சொல்லிட்டேன் மாமா. ரோட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்தா. வழியில பிடிச்சிட்டேன். இப்ப எங்க வீட்டுல, எங்கூட வகுப்புல உட்கார்ந்திருக்கா.”

வேலை விட்டதும் இவள்தான் முதலில் ஓடி வந்தாள். பையில் கைவிட்டவளிடம் அந்தக் குரலைப் போட்டுக் காட்டினேன். இன்னொரு தரம் போடச் சொன்னாள். கேட்டுவிட்டுக் கடைசி இருக்கைக்குப் போனாள். “டீச்சர்கிட்ட இன்னைக்குச் சந்தேகம் கேட்டாளாமே உம் மக” என்று, என் போனில் தன் மகளோடு பேசி முடித்த அக்கா திரும்பிச் சொன்னபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆலை வாசலில், பழக்கத்தில் நான் மஞ்சப்பையை நீட்டினேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி, உதறி, நாலாக மடித்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தாள். பிறகு வெறும் கையோடு உள்ளே போனாள்.