சக்களத்திக்குப் பூசிய வர்ணம்

திருமுல்லைவாயிலில் நாகவல்லிக்கு ஒரு சக்களத்தி உண்டு என்பது ஊருக்கே தெரியும். அந்தச் சக்களத்திக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. தேக்கு மரத்தில் உடம்பு, வெள்ளைத் துணியில் பாய், ஜாகை பட்டணத்துத் துறைமுகம். ஒரு வெள்ளைக்கார துரையின் பாய்ப்படகு அது. கிணற்றடியில் பெண்கள் இவளை விடமாட்டார்கள். ஊரில் மற்ற ஆண்கள் பொம்பளையைத் தேடிப் போகிறார்கள், உன் புருஷன் படகைத் தேடித்தானே போகிறான், இதற்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாய் என்று சீண்டுவார்கள். நாகவல்லி சிரிக்கமாட்டாள். பொம்பளையாக இருந்தால் நேரே போய்க் கொண்டையைப் பிடித்து நாலு சாத்து சாத்திவிட்டு வந்திருப்பாள். படகில் எதைப் பிடிப்பது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

கோவில்பதாகையில் வெள்ளாமைக் குடும்பத்தில் பிறந்தவள். சின்ன வயதிலிருந்தே பங்கு போடத் தெரியாது. தனக்கென்று வைத்த கன்றுக்குட்டியை அக்கா தடவிக் கொடுத்தால்கூட அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஜம்புலிங்கத்துக்குக் கட்டிவைத்தார்கள். அவன் வண்டிக்கும் கதவுக்கும் கோயில் வாகனத்துக்கும் வர்ணம் பூசுகிறவன். வேலையில் கெட்டிக்காரன், பேச்சில் பரம சாது. யார் எதைக் கேட்டாலும் 'முடியாது' என்ற வார்த்தை அவன் வாயில் வராது. அந்த ஒரு குறையைத் தவிர நாகவல்லிக்கு அவனிடம் எல்லாமே பிடித்திருந்தது.

யுத்தம் வருவதற்கு நாலைந்து வருஷம் இருக்கும்போது நடந்தது இது. பூந்தமல்லி சாலையில் ஜம்புலிங்கம் வர்ணம் பூசிய ஒரு வில்வண்டி போய்க்கொண்டிருந்தது. அம்பத்தூர்ப் பக்கம் வேட்டைக்கு வந்த துரை அதை நிறுத்தி, பலகையைத் தடவிப் பார்த்து, இது யார் கைவேலை என்று விசாரித்தான். அடுத்த வாரமே ஜம்புலிங்கம் துறைமுகத்தில் இருந்தான். சனி பிடித்தது அன்றைக்குத்தான் என்பாள் நாகவல்லி.

படகுக்கு மேலே பூசுகிற வர்ணத்தில் வம்பு இல்லை. வம்பெல்லாம் தண்ணீருக்குள் கிடக்கும் அடிப்பாகத்தில். நம்முடைய கடல் வெதுவெதுப்பான கடல். நாலு மாதம் போனால் போதும், அடிமரம் முழுக்கப் பாசி தாடியாய்த் தொங்கும். அதோடு சின்னச் சின்னச் சிப்பிகள் மரத்தைக் கவ்விக்கொண்டு வளரும். பாரம் ஏறிப்போய்ப் படகு நகராது. உடனே அதைக் கரையில் ஏற்றி, முட்டுக்கொடுத்து நிறுத்தி, அடியைச் சுரண்டி, தேய்த்து, புது வர்ணம் பூசவேண்டும். ஒவ்வொரு தடவையும் ஜம்புலிங்கம் அரை மாதம் துறைமுகத்திலேயே தங்கிவிடுவான்.

தங்கினால்கூடப் போகட்டும். திரும்பி வந்த பிறகு பேசுவான் பாருங்கள், அதுதான் இவளுக்கு ஆகாது. அடி வளைவு எப்படி இழைந்து வருகிறது, ஈரத்துணியால் துடைத்ததும் மரத்தின் ரேகை எப்படித் தெரிகிறது என்று சோற்றில் கையை வைத்தபடியே சொல்லிக்கொண்டிருப்பான். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால்தான் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரியுமாம். நாகவல்லி புது மூக்குத்தி போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்து பரிமாறிய நாளில், அவன் ரசம் கேட்டான். அவ்வளவுதான் அவன் கண்ணில் பட்டது. வீட்டுக் கதவில் வர்ணம் உதிர்ந்து வெறும் கட்டை தெரிந்தது, அதற்குக் கை ஒழியவில்லை. பொறாமை என்றால் பொறாமைதான், அதில் அவளுக்கு வெட்கமே கிடையாது. 

அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். பிறகுதான் நிதானமாக யோசித்தாள். இவனைப் பட்டணத்துக்கு இழுப்பது படகு இல்லை, பாழாய்ப்போன அந்த அடிவர்ணம். அது நாலு மாதத்தில் செத்துப்போவதால்தானே இவன் ஓடுகிறான். சாகாத வர்ணமாக ஒன்றைப் பூசிவிட்டால் எதற்குப் போகப்போகிறான்?

அன்றையிலிருந்து தேன் ஒழுகப் பேசினாள். என்னென்ன வர்ணம் பூசுகிறார்கள், எது எத்தனை நாள் நிற்கும் என்று அவளே கேட்டாள். ஜம்புலிங்கத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சுண்ணாம்பையும் விளக்கெண்ணெயையும் குழைத்துப் பூசுவது பழைய முறை, அது இரண்டு மாதம் தாங்கினால் பெரிது. சீமையிலிருந்து டப்பாவில் வருகிற காவி வர்ணம் நாலு மாதம். இதைவிட நல்லதாக ஏதாவது இருக்கிறதா என்று துரையும் தேடிக்கொண்டிருக்கிறான் என்றான். ஒவ்வொரு வர்ணத்தையும் ஒரு பலகைத் துண்டில் பூசி, கயிற்றில் கட்டிக் கடலுக்குள் தொங்கவிட்டு, எது ஜெயிக்கிறதோ அதைப் படகுக்குப் பூசப்போகிறானாம்.

நாகவல்லி பூந்தமல்லிக்குப் போனாள். அங்கே கடைவீதியில் உஸ்மான் கனி பாய் எண்ணெய், குங்கிலியம், வர்ணப்பொடி எல்லாம் விற்பவர். ஜம்புலிங்கம் சரக்கு வாங்குவது அவரிடம்தான். தண்ணீருக்குள்ளேயே கிடந்தாலும் பாசியும் சிப்பியும் அண்டாத வர்ணம் எது என்று கேட்டாள். பாய் தாடியைத் தடவிக்கொண்டார். அவருடைய மாமனார் வகையில் மரக்கலம் ஓட்டியவர்கள் உண்டு. செம்பு இருக்கிற இடத்தில் சிப்பி ஒட்டாது, பெரிய கப்பலுக்கெல்லாம் செம்புத் தகடே அடிப்பார்கள், சின்னப் படகுக்கு அது கட்டுப்படியாகாது என்றார். ஆனால் செம்புப் பாத்திரம் அடிக்கிறவர்கள் உலையில் காய்ச்சும்போது செதில் செதிலாய் உதிருமே, அதை மாவாய் இடித்து, குங்கிலியத்திலும் ஆளிவிதை எண்ணெயிலும் காய்ச்சிப் பூசினால் இரண்டு வருஷம் நிற்கும் என்றார். நாகவல்லிக்கு அந்த இடத்திலேயே பாயின் காலில் விழலாம் போலிருந்தது.

அவசரக்காரி இல்லையா, அதைக் கையோடு சோதித்துவிடவேண்டும் என்று இரண்டு பலகை வாங்கி, ஒன்றில் பாயின் வர்ணத்தைப் பூசி, இன்னொன்றை வெறுமனே விட்டு, திருமுல்லைவாயில் ஏரியில் முளையடித்துக் கட்டிப் போட்டாள். மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் செம்புப் பலகையில் ஒரு சிப்பிகூட இல்லை. பூந்தமல்லிக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சொன்னாள். வெறும் பலகையில் எத்தனை சிப்பி இருந்தது என்று பாய் கேட்டார். அதிலும் ஒன்றும் இல்லை, கொஞ்சம் வழவழப்பு, அவ்வளவுதான் என்றாள். பாய் கடைக்கு வந்திருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு அதைச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிப்பி உப்புத் தண்ணீரில் பிறந்து வளர்கிற ஜாதி, ஏரிக்கு அது வழி கேட்டுக்கொண்டு வருமா என்றார். அவமானமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவர் பூசிக்கொடுத்த புதுப்பலகையை வாங்கிக்கொண்டுதான் வந்தாள்.

அதைப் புருஷனிடம் கொடுத்து, பாய் அனுப்பினார், மற்றவற்றோடு இதையும் கடலில் தொங்கவிடு என்றாள். அவனும் எடுத்துப்போனான். தை மாதம் தொங்கவிட்ட பலகைகளை ஆடி மாதம் எடுப்பதாக ஏற்பாடு. எடுக்கிற அன்றைக்குத் தானும் கூட வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள் நாகவல்லி. கடல் பார்க்கவேண்டும் என்பது சாக்கு. அம்பத்தூர் வரை நடந்து ரயிலேறினார்கள்.

படகு கரையில் முட்டுக்கொடுத்து நின்றிருந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக அதைப் பார்க்கிறாள். அசிங்கமாக இருந்திருந்தால் மன்னித்திருப்பாள். அது அழகாக இருந்தது. மூக்கிலிருந்து வால்வரை ஒரே இழுப்பில் வரைந்த மாதிரி. ஜம்புலிங்கம் மேல்துண்டைக்கூட இறக்கிவைக்கவில்லை. நேரே அதனிடம் போய், அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிக்கொண்டே நடந்தான். தன்னை ஒருநாளாவது இப்படித் தொட்டிருக்கிறானா என்று யோசித்தாள் நாகவல்லி. யோசிக்க யோசிக்கக் கண்ணில் நீர் முட்டியது. சுருட்டிக் கிடந்த கயிற்றுக் குவியலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

துரை இன்னும் வரவில்லை. ஜம்புலிங்கம் பலகைகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்தான். வெறும் பலகையில் மரமே தெரியவில்லை, அத்தனை சிப்பி. சுண்ணாம்புப் பலகையும் அதே கதி. காவிப் பலகையில் ஓரமெல்லாம் பாசி. கடைசியாகப் பூந்தமல்லிப் பலகை வந்தது. நேற்றுத்தான் கடலில் போட்டது போலச் சுத்தமாக இருந்தது. நாகவல்லியின் நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. ஜம்புலிங்கம் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். துரை வருகிற வழியை ஒருதரம் பார்த்தான். பிறகு பலகையை ஒரு கோணிக்கு அடியில் தள்ளி மூடிவிட்டான். பெண்டாட்டி கப்பல்களை வேடிக்கை பார்க்கிறாள் என்று அவன் நினைப்பு.

அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. இரண்டு வருஷ வர்ணத்தை ஒளிக்கிறான் என்றால் என்ன அர்த்தம்? நாலு மாதத்துக்கு ஒருதரம் இந்தப் படகிடம் ஓடி வருவதற்குத்தானே. இதைவிடக் கண்கூடாக ஒருத்திக்கு வேறென்ன காட்டவேண்டும்?

துரை வந்தான். வருஷக்கணக்காக இங்கே இருப்பவன், தமிழ் நன்றாகவே பேசுவான். ஜம்புலிங்கம் காவிப் பலகையைக் காட்டி, இருப்பதில் இதுதான் தேவலை, பழையபடி இதையே பூசிவிடலாம் என்றான். பூந்தமல்லிப் பலகை எங்கே என்று துரை கேட்டான். கயிறு அறுந்து கடலோடு போய்விட்டது என்றான் ஜம்புலிங்கம். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான், பொய் சொல்லிப் பழக்கமில்லை.

நாகவல்லி எழுந்து போய்க் கோணியை உருவினாள்.

"அறுந்துல்லாம் போவல தொரை. இதோ கீது. ஒரு சிப்பி கூட ஒட்டல, நீயே பாரு."

துரை பலகையை நகத்தால் கீறிப் பார்த்தான். முகர்ந்து பார்த்தான். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. ஜம்புலிங்கத்தின் மேல் கோபித்துக்கொள்ளக்கூட அவனுக்கு நேரமில்லை. முதுகில் ஓங்கித் தட்டி, இங்கிலீஷில் மளமளவென்று என்னென்னவோ பேசிக்கொண்டு படகைச் சுற்றிச் சுற்றி வந்தான். அதில் ரங்கூன், பினாங்கு என்ற பேர்கள் மட்டும் நாகவல்லிக்குப் புரிந்தன. தலைநிமிர்ந்து படகைப் பார்த்தாள். உன் ஆட்டம் முடிந்ததடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ரயிலில் இவள்தான் பேசினாள். இனி இரண்டு வருஷத்துக்கு அடியைச் சுரண்டுகிற வேலையே இல்லை, வீட்டோடு இருக்கலாம், கதவுக்கு வர்ணம் பூசலாம் என்று அடுக்கிக்கொண்டே வந்தாள். வில்லிவாக்கம் தாண்டிய பிறகு ஜம்புலிங்கம் அவள் பக்கம் திரும்பினான்.

"இத்தினி வருசமா தொரை இன்னாத்துக்குக் கொழும்பு வரிக்குமே போயிட்டுத் திரும்பி வந்துகினு இருந்தாரு தெரியுமா? நாலு மாசத்துல அடி பாசி புடிச்சிடும். அதுக்கு மேல போவ முடியாது. வர்ணம் தாங்கிச்சுன்னா பினாங்கு, அதுக்கும் அப்பாலன்னு சுத்தப் போறேன், நீயும் கூட வாடான்னு போன வருசமே கூப்டாரு."

"மாட்டேன்னு சொல்றதுதானேய்யா" என்றாள் நாகவல்லி.

"அவரு கேட்டா மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வராதுமே. எனக்கே போவணும்னு கீது. போனா எப்ப வருவேனோ, உன்ன உட்டுட்டு இன்னா பண்ணுவேனோன்னு பயமாவும் கீது. அத்தாலதான் பலகைய மறைச்சேன். வர்ணம் தாங்கலேன்னா படகும் போவாது, நானும் போவமாட்டேன்."

வண்டி அம்பத்தூரில் நின்றது. இறங்கி நடக்கும்போது அவள் கேட்டாள்.

"இப்ப?"

"இப்ப போவேன்" என்றான் அவன்.

அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். இந்தத் தடவை அவனும் கூட உட்கார்ந்து அழுதான். அழுதுகொண்டே மூட்டை கட்டினான். கார்த்திகை மழை ஓய்ந்ததும் படகு புறப்பட்டது. அதன் அடிவயிற்றில் செம்பு வர்ணத்தை இரண்டு பூச்சு பூசியவன் அவனேதான். போவதற்கு முந்தின வாரம் வீட்டுக் கதவுக்கும் மிச்சமிருந்ததைப் பூசிவிட்டுப் போனான்.

நாகவல்லியைக் கேலி செய்ய இப்போது கிணற்றடியில் யாருக்கும் வாய் வரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இவ்வளவு நாளும் நாலு மாதத்துக்கு அரை மாதம் அவனைத் தின்ற படகு, இப்போது முழுசாக எடுத்துக்கொண்டது. கடல்மேல் இராப்பகலாக அந்தச் சக்களத்தியும் அவனும் என்று நினைக்கும்போதெல்லாம் பழைய எரிச்சல் பத்து மடங்காக வந்தது. கோயிலுக்குப் போனாலும் புருஷன் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று ஒருதரம்தான் வேண்டுவாள். அந்தச் சிறுக்கியின் அடியில் பாசி பிடிக்கட்டும், சிப்பி ஒட்டட்டும், ஓட முடியாமல் பாதியில் திரும்பட்டும் என்று பலதரம் வேண்டுவாள்.

மாசி மாதத்தில் ஒருநாள் மனசு கேளாமல் பூந்தமல்லிக்குப் போனாள். உஸ்மான் கனி பாய் கடையில் தனியாகத்தான் இருந்தார். வர்ணம் சொன்னபடி இரண்டு வருஷம் நிற்குமா, சில சமயம் முன்னாலேயே உதிர்ந்துபோகிறதும் உண்டா என்று கேட்டாள். கேட்கும்போது குரல் நடுங்கியது. புருஷன் நடுக்கடலில் இருக்கிறானே, பாவம், பயப்படுகிறாள் என்று பாய் நினைத்தார். எழுந்து வந்து அவளுக்கு உட்கார மணை போட்டார்.

"நீ ஒண்ணும் கவலப்படாதே தங்கச்சி. அல்லா மேல ஆணையா சொல்றேன், உன் ஊட்டுக்காரருக்குன்னு எண்ணெயக் கூடவே ஊத்திக் காச்சினேன். ரெண்டு வருசம் இன்னா, மூணு வருசங்கூட அசையாது."

நாகவல்லி மணையில் உட்கார்ந்தாள். பாய் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கிக் குடித்துவிட்டு, ரொம்ப சந்தோஷம் பாய் என்றாள்.