அப்பாவின் சட்டையில் நான் குத்திய புலி

ஊசி ஏறிய விரலை வாயில் வைத்தபோது நாக்கில் பட்ட இரும்புச் சுவை இன்னும் போகவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். ஆனாலும் இன்று தலைமன்னாரில் மூன்று வள்ளமும் கருவாடு காயப்போடுகிற பெரிய 'வாடி'யும் யாருடையவை என்று கேட்டுப் பாருங்கள், சின்னப்பிள்ளையும் என் வீட்டைக் காட்டும். அப்படிப்பட்ட எனக்கும் ஒன்றுமே செய்ய ஏலாமல் நின்ற ஒரு வாரம் உண்டு.

சண்டைக்காலம். கப்பலில் வேலை செய்த மாமா ரஷ்யாவின் விளாடிவோஸ்டொக் துறைமுகத்திலிருந்து சட்டையில் குத்தும் சின்னம் ஒன்று எனக்குக் கொண்டுவந்தார்: நீல நிறத்தில் நங்கூரம், அதன் மேல் பொன் நிறப் புலி.

"அந்தப் பக்கத்துக் காட்டில பனிக்குள்ள புலி திரியுமாம். அதுதான் அவங்கட ஊர்ச்சின்னம்," என்றார்.

"எங்கட ஊருக்கெண்டால் றோட்டெல்லாம் திரியிற கழுதையைத்தான் போடவேணும், மச்சான்," என்று அப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "பிள்ளை, உந்தப் புலியை வெளியில காட்டிப்போடாதை."

கடலுக்கோ பயணத்துக்கோ போகிற ஆண்களின் சட்டைக்கு உட்புறம் அந்தோனியார் பதக்கமும் மாதா பதக்கமும் குத்திவிடுவது எங்கள் வழக்கம். எங்கள் வீட்டில் அது என் வேலை. அப்பா மீன்பிடிக்க அனுமதிச்சீட்டு, 'பாஸ்', எடுக்க மன்னாருக்குக் கிளம்பிய காலையில், ஒரு துறைமுகத்தையே காக்கிற புலி அப்பாவையும் காக்காதா என்று அதையும் பக்கத்தில் குத்தினேன்; ஊசி என் விரலிலும் ஏறியது. உள்ளேதானே, யார் பார்க்கப் போகிறார்கள்?

வழியில் ஆமியின் சோதனைச் 'சென்றி'யில் சட்டையைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். புலியைக் கண்டதும் அப்பாவை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

முகாம் வாசலில் அம்மாவின் சேலையைப் பிடித்தபடி, "நான்தான் குத்தினனான்! அது ரஷ்யாப் புலி!" என்று கத்தினேன். காவலுக்கு நின்றவனுக்குத் தமிழ் தெரியாது; புலி என்ற ஒரு சொல் மட்டும் தெரியும். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

ஏழாம் நாள் அப்பா வந்தார். வலை இழுக்கிற வலது கை அதன்பிறகு தோளுக்கு மேல் எழும்பவில்லை. புலியை ஏன் குத்தினாய் என்று அவர் கடைசி வரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மாவும் நானும் கருவாடு காயவைக்கத் தொடங்கியது அப்போதுதான்.

இன்று சென்றியும் இல்லை, அப்பாவும் இல்லை. போன மாதம், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வந்த ரஷ்யப் பொடியன் ஒருவன் என் வாடிப் பக்கம் வந்தான். தொப்பியில் அதே புலி.

"தம்பி, உந்தத் தொப்பியைக் கழட்டி உள்ளுக்க வை," என்றேன், றோட்டைப் பார்த்தபடி.

அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. புலியைத் தடவிக் காட்டி, பெருமையாகச் சிரித்தான்.