நான்கு விரல் கண்ணாடி

வேனின் கண்ணாடிகளைத் தோமசா பழைய துணியால் அழுத்தி அழுத்தித் துடைக்கிறாள். வண்டியெங்கும் சேறு அப்பிக் கிடக்கிறது, அதைச் சட்டை செய்வதில்லை. "உள்ள யாரு இருக்கான்னு சாவடியில நிக்கிறவனுக்குப் பளிச்சுன்னு தெரியணும். இல்லேன்னா கதவைத் திறன்னுவான்" என்பாள்.

டெக்சாஸின் தென்கோடியில், நாட்டின் எல்லையாக ஓடும் ஆற்றோரக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை பார்ப்பது அவள் தொழில். யார் வீட்டிலும் கேட்காமல் குளிர்பெட்டியைத் திறப்பாள். "இந்தச் சோடாவுக்கு உன் காலையே காவு குடுக்கப் போறியா?" என்று வாசல்வரை கேட்கக் கத்துவாள். அவள் பையின் அடியில் மிளகாய் தடவிய மாங்காய் மிட்டாய் இருப்பது ஊருக்கே தெரியும். கேட்கிற தைரியம்தான் எவருக்கும் இல்லை.

ஆண்டுதோறும் சான் அந்தோனியோவில் இவர்களைப் போன்ற சுகாதாரப் பெண்களுக்கு மாநாடு. போக வேண்டுமானால் எல்லைக் காவலர்களின் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். எல்லை ஆற்றோடு முடிந்துவிடவில்லை. வடக்கே வெகுதூரம் உள்ளே வந்து நெடுஞ்சாலையை மறித்து, நீ இந்த நாட்டுக்காரியா என்று கேட்கிறார்கள். தெற்கே ஆறு, வடக்கே சாவடி, நடுவில் அடைபட்ட ஜனம். தோமசா இங்கேயே பிறந்தவள். ஆனாலும் மருத்துவச்சி கையில் பிறந்தவள் என்பதால் அவள் பிறப்புச் சான்றையும் போலியோ என்று ஒருமுறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் வேனில் சட்டம் உண்டு. சாவடி நெருங்கினால் பாட்டு நிற்க வேண்டும், வாய் மெல்லக் கூடாது, கண்ணாடி நான்கு விரல் அகலத்துக்கு மேல் இறங்காது.

மாநாடு நடத்துகிறவர்களிடம் இம்முறை தொலைபேசியில் சண்டை போட்டாள்.

"எல்லையோர ஜனங்களோட ஆரோக்கியம்னு தலைப்பு வைப்பீங்க. அந்த ஜனம் வரமுடியாத ஊர்ல பந்தல் போடுவீங்க. இங்க வந்து நடத்தினா என்ன கேடு?"

"பயணத்துல ஜாக்கிரதையா இருக்கச் சொல்லி எல்லாருக்கும் எழுதியிருக்கோமே. பேப்பரெல்லாம் கையில வெச்சுக்கங்க."

"இல்லாதவ எதை வெச்சுக்குவா? உங்க தலையையா?" என்று போனைப் போட்டு உடைக்காத குறை.

இந்த ஆண்டு ஆறாத கால்புண்களைப் பற்றி மேடையில் பேச வேண்டியவள் நியேவெஸ், தோமசாவின் கூட்டாளி. கைக்குழந்தையாக ஆற்றைத் தாண்டி வந்தவள். இங்கேயே தங்க அனுமதி கேட்டு அவள் கொடுத்த மனு எந்த மேசையில் தூங்குகிறதோ, யாருக்கும் தெரியாது. அவளோ இன்று காலை நீலச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"எறங்குடி."

"போன வருஷம் ஒண்ணுமே கேக்காம கையாட்டி அனுப்பிட்டான்னு நீதானேக்கா சொன்ன?"

"அது அன்னிக்கு நின்னவனோட மனசு. இன்னிக்கு எவன் நிக்கிறானோ! புடிச்சான்னா உன்னை ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிடுவான். ஸ்கூல் விட்டு வர்ற உன் பொண்ணுங்களுக்கு நான் என்னத்தைச் சொல்றது?"

"ஒரு தடவையாவது பேசணும்னு ஆசைப்பட்டேன்."

"தெரியும்டி. என்னைத் திட்டு, நல்லாத் திட்டு. ஆனா எறங்கு."

நியேவெஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் தோமசாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "எல்விராம்மா காலுக்குக் கட்டு மாத்தணும். அங்கயாவது போறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். மற்ற பெண்கள் பின்னால் நெருக்கி உட்கார்ந்தார்களே தவிர, முன்சீட்டில் ஒருத்தியும் உட்காரவில்லை.

சாவடியில் குனிந்து பார்த்தவன் ரோமெல். அதே எல்விராவின் மகன், மூக்கொழுகத் திரிந்த நாளிலிருந்து தோமசாவுக்குத் தெரிந்தவன். இப்போது பச்சைச் சீருடை, இடுப்பில் துப்பாக்கி.

"எல்லாரும் இந்த நாட்டுக்காரங்கதானே அத்தை?"

ஒவ்வொருத்தியாக ஆமாம் என்றார்கள். அவன் கண் காலிச் சீட்டில் நின்றது.

"நியேவெஸ் அக்கா வரலையா? மேடையில பேசப்போறாங்கன்னு அம்மா தெருவெல்லாம் சொல்லிட்டு இருக்கு. அவங்க கை பட்டுத்தான் அம்மா காலே பொழைச்சுது அத்தை."

நிஜமாகவே சிரித்த முகத்தோடுதான் கேட்டான், பாவி. இந்நேரம் அவன் அம்மாவின் காலை மடியில் வைத்துக்கொண்டு நியேவெஸ் உட்கார்ந்திருப்பாள், அவன் வீட்டிலேயே. ஒரு வார்த்தை தவறினால் போதும், அவளிடம் பேப்பர் இல்லை என்பது இந்தச் சீருடைக்குத் தெரிந்துவிடும். தோமசா அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, அந்த நான்கு விரல் இடைவெளியையும் ஏற்றி மூடினாள்.