முதுகுக்குப் பின்னால் அன்பழகன்

காலை ஆறு பத்துக்குச் செய்தி வந்தது. மதிவாணன் அப்போது முத்தியால்பேட்டை வீட்டின் தோட்டத்துப் பக்கம் குந்தி, மகளின் கோல்கீப்பர் கையுறைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மருத்துவமனையிலிருந்து மனைவி சிவசங்கரி பேசினாள்.

"ஏங்க, தம்பி போயிட்டான்."

மூன்று நாளாக ஐ.சி.யூ. வாசலில் தரையில் கிடந்தவள் அவள். நெஞ்சுவலி என்று சேர்த்த தம்பி அன்பழகனுக்கு நாற்பத்தோரு வயது. நேற்று மாலை கண் திறந்தான், பேசினான். பிழைத்துக்கொண்டான் என்றுதான் எல்லாரும் இருந்தார்கள்.

"ஒம்போது மணிக்குள்ள மூலக்குளத்துல அவன் வீட்டுக்குக் கொண்ணாந்துடுவாங்களாம். பாப்பாவக் கூட்டிக்கினு வந்துடுங்க."

"வரேன்" என்றார்.

உள்ளே கவிநிலா குளித்துக்கொண்டிருந்தாள். எட்டரைக்கு உழவர்கரைப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில், பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்கள் கால்பந்து அணிக்குத் தேர்வு. எடுப்பது இரண்டு கோல்கீப்பர்கள். பெயர் கொடுத்திருப்பது ஒன்பது பேர். அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

மதிவாணனுக்கு எதையும் ஆட்டக் கணக்கில்தான் யோசிக்க வரும். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்புக் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார். ஷிப்ட் முடிய அரை மணி இருந்தால், "செகண்ட் ஆஃப்ல பாதி போயிடுச்சு" என்பார். கல்யாண வீட்டுக்குத் தாமதமாகப் போனால் சப்ஸ்டிட்யூட்டாக இறங்கியதாகச் சொல்லிக்கொள்வார். கவிநிலா பிறந்த இரவு, பிரசவ வார்டுக்கு எதிரே டீக்கடை டி.வி.யில் உலகக்கோப்பை ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் தெருவுக்கு வந்து பெயர் சொல்லித் தேடும்படி ஆயிற்று. அன்பழகனும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். சிவசங்கரியிடம் பதினாறு வருஷமாகத் திட்டு வாங்குவது மட்டும் இவர்.

இப்போதும் கணக்குப் போட்டார். எட்டரைக்கு ஆரம்பித்தால் பத்துக்கு முடியும். உடலை எடுக்கச் சாயங்காலம் நாலு மணியாவது ஆகும். நடுவில் ஒரு ஆட்டத்துக்கு இடம் இருந்தது. ஆனால் சொன்னால் அவள் மைதானத்துக்கு வரமாட்டாள். காது குத்தியபோது அவளை மடியில் வைத்திருந்தவன் அன்பழகன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரை மணலில் அவளுக்குப் பெனால்டி அடித்து, தோற்று, புரோட்டா வாங்கிக் கொடுப்பவன். சொல்லாமல் இருந்தால் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். அவ்வளவுதானே என்று தோன்றியது.

அந்த எண்ணத்தோடேயே, கை தன் பழக்கத்தில் செம்மலுக்குப் போன் போட்டது. உறவில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மதிவாணன் பொறுப்பு. வாசகம் எழுதுவார், பெயர்களை வரிசைப்படுத்துவார், ஒரு பெயர் விட்டுப்போனாலும் பத்து வருஷம் பேச்சு நின்றுபோகும் என்பதால் இரண்டு முறை படித்துக் காட்டச் சொல்வார். செம்மலின் அச்சகம் இரண்டு தெரு தள்ளி. அவர் சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொண்டான். கடைசி வரியாக, மருமகள் கவிநிலா என்று சொல்லி முடித்தார்.

"படம் அனுப்புங்கண்ணே. எட்டு மணிக்குச் செவுத்துல இருக்கும்" என்றான் செம்மல்.

கவிநிலா தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அம்மா பேசிச்சா? மாமா எப்டி இருக்காரு?"

"அப்டியேதான். நீ கெளம்பு, டைம் ஆச்சு."

தேர்வு நாளில் போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவது அவள் வழக்கம். வாங்கி அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மெயின் ரோட்டில் தெரிந்தவர் யாராவது வண்டியை நிறுத்தித் துக்கம் கேட்டுவிடுவார்கள் என்று சந்துசந்தாக ஓட்டினார்.

"ஏம்ப்பா இப்டி சுத்தற?"

"டிராஃபிக்கு."

"சனிக்கெழம காலைல டிராஃபிக்கா? என்ன விட நீதான் பயந்துகெடக்குற."

மைதானத்தில் அவள் உடைமாற்ற ஓடினாள். மதிவாணன் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார். கேட்டை ஒட்டிய மதில் சுவரில், கோல் கம்பத்திலிருந்து இருபதடி தூரத்தில், அன்பழகன் சிரித்துக்கொண்டிருந்தான். பசை இன்னும் காயவில்லை.

செம்மலைப் போனில் கூப்பிட்டார்.

"ஏன்டா மைதானத்துச் செவுத்துல ஒட்டின?"

"அவரு ஆடின மைதானம் ஆச்சேண்ணே! மொத போஸ்டரே அங்கதான் போடச் சொன்னேன். மத்ததெல்லாம் மூலக்குளத்துல. பேரெல்லாம் கரெக்டா இருக்கா, பாத்துக்கினீங்களா?"

போஸ்டரின் மூலையில் நகத்தை வைத்தார். காகிதம் எழும்பியது. அதற்கு மேல் இழுத்தால் மச்சானின் தோளில் ஆரம்பித்துக் கன்னம் வரை கிழியும். கை வரவில்லை. விசில் சத்தம் கேட்டது. பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். மதிவாணன் திரும்பி, முதுகைப் போஸ்டரில் சாய்த்து நின்றுகொண்டார். பசையின் ஈரம் சட்டையைத் தாண்டி உடம்பில் பட்டது.

முகம் மறைந்தது. பக்கவாட்டில் பெயர்கள் மறையவில்லை. அந்த நேரம் பார்த்து, பழைய ஆட்டக்காரர் நாராயணசாமி இரு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

"மதி, இப்பதான்யா கேள்விப்பட்டேன். நீ இன்னா இங்க நிக்கிற?"

"மாமா, மெதுவா. பாப்பாவுக்குத் தெரியாது."

நாராயணசாமி சுவரைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார்.

"அடப்பாவி. தாய்மாமன்யா அவன்."

"பத்து மணி வரைக்கும் மாமா. இப்டி வந்து நில்லுங்க."

"நல்லா கூப்புடற, காவலுக்கு" என்று முணுமுணுத்தபடியே அகலமான உடம்பைச் சுவரில் சாய்த்தார். பெயர்கள் மறைந்தன.

மதிவாணன் ஆட்டம் பார்க்கும்போது ஒரு இடத்தில் நிற்பவர் அல்ல. கோட்டோரமாக ஓடுவார், நடுவர் இரண்டு முறை எச்சரித்திருக்கிறார். இன்று ஆணியடித்ததுபோல் நின்றார். சட்டைப்பையில் அவருடைய போன் அதிர்ந்து நின்றது, மறுபடி அதிர்ந்தது. சிவசங்கரிதான். எடுக்கவில்லை. தேர்வுக்கு வைத்த ஆட்டத்தின் முதல் பாதியில் கவிநிலா ஒரு கோல் விட்டாள். எளிதாகப் பிடிக்க வேண்டிய பந்து. அடிக்கடி அப்பா பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் தண்ணீர் பாட்டிலோடு அவரை நோக்கி நடந்து வந்தாள். நாராயணசாமி வானத்தைப் பார்த்தார்.

"அங்கயே நில்லும்மா, வராத. கோச் கூப்புடப் போறாங்க."

பத்தடி தூரத்தில் நின்றாள். "ஏம்ப்பா கத்தவே மாட்டேங்கிற? மாமாவுக்கு எதாச்சும் ஆயிடுச்சா?"

முதுகில் ஈரம் சில்லென்றிருந்தது.

"ச்சே. இப்பதான் அம்மா பேசிச்சு. எழுந்து உக்காந்து டீ குடிச்சாராம்."

அவள் முகம் விரிந்தது. "டீ குடிச்சாரா! சக்கர போட்டுத்தான் கேட்டிருப்பாரு" என்று சிரித்துக்கொண்டே திரும்பி ஓடினாள். நாராயணசாமி மதிவாணனிடமிருந்து ஒரு விரற்கடை தள்ளி நின்றார்.

அதன் பிறகு கவிநிலா ஆடியது வேறு ஆட்டம். கார்னரில் வந்த பந்துகளைக் கூட்டத்துக்கு மேல் எம்பிப் பறித்தாள். கடைசியில் ஒவ்வொரு கோல்கீப்பருக்கும் ஐந்து பெனால்டி வைத்தார்கள். கவிநிலா கடைசி ஆள். முதலாவது உள்ளே போனது. இரண்டாவதைக் காலால் தடுத்தாள். மூன்றாவதை நெஞ்சோடு அணைத்தாள். நான்காவது, வலது மூலைக்கு, தரையை உரசிக்கொண்டு வந்தது. அவள் முழு நீளத்துக்குப் பாய்ந்தாள். விரல் நுனி பட்டுப் பந்து கம்பத்துக்கு வெளியே உருண்டது.

"பாப்பா!"

மதிவாணன் இரு கைகளையும் தூக்கிக்கொண்டு குதித்திருந்தார். மூன்று எட்டு முன்னால் ஓடிய பிறகுதான் முதுகில் காற்று பட்டது. ஈரக் காகிதத்தின் ஒரு பட்டை சட்டையோடு வந்துவிட்டிருந்தது.

கவிநிலா எழுந்து, எப்போதும்போல் அப்பாவைப் பார்த்துக் கைமுட்டியை உயர்த்தினாள். பார்வை அவரைத் தாண்டிப் போயிற்று. முட்டி உயர்ந்தபடியே நின்றது.

ஐந்தாவது பெனால்டிக்கு விசில் ஊதினார்கள். அவள் கோட்டின்மேல் நின்றாள். பந்து பக்கத்தில் போனது, அவள் அசையவில்லை.

பயிற்சியாளர் ஜெயம் விஷயம் புரியாமல் வந்து அவள் முதுகில் தட்டினார். "கடைசில ஏன்டி தூங்கிட்ட? பரவால்ல, மூணு புடிச்சிருக்க. நீதான் மொத கீப்பர்." ஒரு படிவத்தையும் கொடுத்தார். பெற்றோர் சம்மதக் கையெழுத்தோடு திங்கட்கிழமை மாலை ஐந்துக்குள் வந்தாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

அவள் அதை மடித்துப் பையில் வைத்தாள். சுவருக்குப் போய்ப் போஸ்டரைக் கடைசி வரி வரை படித்தாள். தன் பெயர் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"எத்தன மணிக்கு?"

"ஆறு பத்து."

"டீ குடிச்சாருன்னு சொன்னியே."

மதிவாணன் வாயைத் திறந்தார். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும் என்று சொல்லத்தான் வந்தது. அதை விழுங்கிவிட்டு வண்டியை எடுக்கப் போனார்.

மூலக்குளம் வரை அவள் பின்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவர் தோளைப் பிடிக்கவில்லை. வாசலில் கிடத்தியிருந்த உடலருகே சிவசங்கரி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கணவரின் சட்டை முதுகில் காய்ந்து ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தாள். மகள் காதில் ஏதோ சொன்ன பிறகு, அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். நாலரைக்கு எடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பால் தெளிப்பு முடிந்து முத்தியால்பேட்டைக்குத் திரும்பினார்கள். அன்று முழுவதும் கவிநிலா அம்மாவோடு மட்டும் பேசினாள்.

திங்கட்கிழமை காலை அவள் பள்ளிக்குப் போன பிறகு, டி.வி. பக்கத்தில் படிவம் இருந்தது. பெயர், பிறந்த தேதி, இரத்த வகை எல்லாம் அவள் கையெழுத்தில் நிரப்பியிருந்தது. அவருக்காக வைத்துவிட்டுப் போனாளா, மறந்து போனாளா, தெரியவில்லை. சமையலறை வாசலில் நின்று, "இதுல போட்டுடவா?" என்று சிவசங்கரியிடம் கேட்டார்.

"அவளக் கேளுங்க" என்றாள் அவள்.

மதியம் இரண்டு மணிக்கு மதிவாணன் ஷிப்டுக்குக் கிளம்பியபோதும், பெற்றோர் கையெழுத்து என்று அச்சிட்டிருந்த கோட்டின்மேல் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.